கணையத்துல 4 மில்லிமீட்டர் கேன்சர்: ஆபரேஷனுக்கு அப்புறம் ரிப்போர்ட்ட எப்படி படிக்கிறது? வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 66 வயசு. வேற எதுக்கோ வயித்துல ஸ்கேன் எடுத்தப்ப கணையத்தோட தலைப்பகுதியில 4 செ.மீ. நீர்க்கட்டி இருக்குன்னு தெரிஞ்சது. கணையத்தோட தலைப்பகுதியையும் அத ஒட்டின குடலையும் எடுக்கற விப்பிள் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டாரு, நல்லா சாப்பிடறாரு. ஆனா பயாப்ஸி ரிப்போர்ட்ல ஐபிஎம்என், அதுல இன்வேசிவ் கார்சினோமா 4 மி.மீ., டி1ஏ, என்0ன்னு போட்டிருக்கு. ஆபரேஷன் பண்ண டாக்டர் ரொம்ப ஆரம்பம்தாம்மா பயப்படாதன்னு சொல்றாரு. சொந்தக்காரர் ஒருத்தர் கணையத்துல கேன்சர்னா ஒரு வருஷம்தான்னு சொல்லி அம்மாவ அழ வச்சுட்டு போயிட்டாரு. நெட்ல பாத்தா அஞ்சு வருஷம் தாண்டறவங்க நூத்துக்கு 13 பேருன்னு இருக்கு. நாங்க எத நம்பறது? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: தங்கச்சி, மொதல்ல அம்மாகிட்ட போய் சொல்லுங்க, அந்த 13 உங்க அப்பாவோட கணக்கு இல்ல. அது அமெரிக்காவுல கணைய கேன்சர் வந்த எல்லாரையும் சேத்து எடுத்த கணக்கு. அதுல பாதிப் பேருக்கு நோய் தெரியறப்பவே அது கல்லீரலுக்கோ வேற எடத்துக்கோ போயிருக்கும். ஆபரேஷன் பண்ற நிலைமையில வர்றவங்களே நூத்துக்கு 15, 20 பேருதான். உங்க அப்பா அந்த 20க்குள்ள வந்து, அதுலயும் ரொம்ப சின்ன கூட்டத்துல நிக்கறாரு. எல்லாரையும் ஒரே மூட்டையில கட்டி வர்ற நம்பர ஒருத்தர் தலையில வைக்கக்கூடாது, இத நான் வர்ற ஒவ்வொரு குடும்பத்துக்கிட்டயும் சொல்றேன்.

இப்ப ரிப்போர்ட்டுக்கு வருவோம். நான் ஸ்லைடு பாக்கற டாக்டர், அதனால அந்தப் பக்கத்துல இருந்தே சொல்றேன். கணையத்துக்கு நடுவுல ஒரு பெரிய குழாய், அதுல இருந்து பிரிஞ்சு போற சின்னச் சின்ன குழாய்ங்க, செரிமான நீர் இதுவழியாத்தான் குடலுக்கு வருது. இந்தக் குழாயோட உள்பக்கத்துல சளி மாதிரி திரவத்த சுரக்கற செல்லுங்க அளவுக்கு மீறி வளந்து, குழாய் வீங்கி நீர்க்கட்டி மாதிரி ஆகறதுக்குத்தான் ஐபிஎம்என்னு பேரு. 1982ல ஜப்பான் டாக்டர்ங்கதான் இத முதல்ல தனியா விவரிச்சாங்க, 1996ல உலக சுகாதார நிறுவனம் இந்தப் பேர ஏத்துக்கிச்சு. இது உடனே கேன்சர் இல்ல. செல்லுங்க கொஞ்சமா மாறியிருந்தா லோ கிரேடு, ரொம்ப மாறியிருந்தா ஹை கிரேடு, அதுக்கு அப்புறம்தான் இன்வேசிவ், அதுவும் எல்லாத்துலயும் அப்படி போறதில்ல. நம்ம டெல்டா பக்கம் வாய்க்கால்ல பாசியும் கோரையும் மண்டிக் கெடக்கும் பாருங்க, எவ்வளவு மண்டினாலும் வாய்க்காலுக்குள்ளயே இருக்கற வரைக்கும் வாரி எடுத்துட்டா முடிஞ்சது, வேரு கரைய ஒடைச்சு வயலுக்குள்ள எறங்கிட்டாதான் வேற கதை. குழாய் சுவர தாண்டி செல்லுங்க வெளிய எறங்கறதத்தான் இன்வேசிவ்ங்கறோம்.

உங்க ரிப்போர்ட்ல ரெண்டு அளவு இருக்கும், நெறைய பேரு இதுலதான் கொழம்பறாங்க. கட்டி மொத்தம் 4 செ.மீ., ஆனா கரை தாண்டினது 4 மி.மீ. ஸ்டேஜ் போடறது அந்த 4 மி.மீ.ய வச்சுத்தான், கட்டியோட மொத்த சைஸ வச்சு இல்ல. ஏஜேசிசின்னு உலகம் பூரா டாக்டர்ங்க பாக்கற ஸ்டேஜிங் புத்தகம் ஒண்ணு இருக்கு. அதோட 7வது பதிப்பு வரைக்கும் கணையத்துக்குள்ளயே இருக்கற 2 செ.மீ.க்குள்ளான எல்லாத்தையும் டி1னு ஒரே கூடையில போட்டு வச்சிருந்தாங்க, 3 மி.மீ. இருந்தவரும் 19 மி.மீ. இருந்தவரும் ஒரே வகுப்பு. 2018ல இருந்து நடைமுறைக்கு வந்த 8வது பதிப்புல அத பிரிச்சு, அரை செ.மீ.க்குள்ளன்னா டி1ஏ, அரையில இருந்து ஒண்ணு வரைக்கும் டி1பி, ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் டி1சின்னு வச்சாங்க. அதுக்கு மேல 4 செ.மீ. வரைக்கும் டி2, அதையும் தாண்டினா டி3, பக்கத்துல ஓடற முக்கியமான ரத்தக்குழாய புடிச்சுட்டா டி4. உங்க அப்பாவுக்கு டி1ஏ, அதாவது இருக்கறதுலயே சின்ன வகுப்பு. என்0ன்னா எடுத்த நெறிக்கட்டிங்க எதுலயும் கேன்சர் இல்லன்னு அர்த்தம். 1ல இருந்து 3 நெறிக்கட்டியில இருந்தா என்1, 4ம் அதுக்கு மேலயும்னா என்2.

முன்னாடி இந்த மாதிரி ரிப்போர்ட்ல மினிமலி இன்வேசிவ், அதாவது கொஞ்சமா கரை தாண்டினதுன்னு எழுதிட்டு விட்டுடுவாங்க, ஜப்பான்ல அந்த வகை ரொம்ப நாளா புழக்கத்துல இருந்துச்சு. பிரச்சனை என்னன்னா எவ்வளவு இருந்தா மினிமல்ங்கறதுல ஊருக்கு ஒரு கணக்கு. ஒருத்தர் ஆழத்த பாத்தாரு, இன்னொருத்தர் அகலத்த பாத்தாரு, படிக்கறவங்களுக்கு எதையும் ஒப்பிட முடியல. இத்தாலியில வெரோனாவுல கூடின நிபுணர்ங்க, அந்த வார்த்தைய விட்டுட்டு மி.மீ. கணக்குல அளந்து டி1ஏ, பி, சின்னு எழுதுங்கன்னு சொன்னாங்க. இது சாதாரண விஷயம் மாதிரி தெரியும், ஆனா நோயாளிக்கு எவ்வளவு நல்லதுன்னு பாருங்க, உங்க கையில இப்ப ஒரு அளவு இருக்கு, அத வச்சு எந்த ஊரு டாக்டர்கிட்டயும் பேசலாம்.

அப்ப எதிர்காலம் எப்படின்னு கேக்கறீங்க. கரை தாண்டாத ஐபிஎம்என்ன முழுசா எடுத்துட்டா அஞ்சு வருஷம் தாண்டறவங்க நூத்துக்கு 90க்கு மேல. கரை தாண்டினது எல்லாத்தையும் சேத்தா அது பல ஆஸ்பத்திரி கணக்குலயும் 30ல இருந்து 60 வரைக்கும் ஏறி எறங்குது. இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்னா அந்தக் கூட்டத்துல டி1ஏவும் இருக்கு, நெறிக்கட்டி முழுக்க பரவினதும் இருக்கு. டி1ஏ, நெறிக்கட்டி சுத்தம், வெட்டின விளிம்பு சுத்தம் (வெட்டி எடுத்த ஓரத்துல கேன்சர் செல் இல்ல), இந்த மூணும் சேந்து இருக்கறவங்க மேல் ஓரத்துல நிக்கறாங்க, அவங்கள்ல பெரும்பாலானவங்க அஞ்சு வருஷத்த தாண்டறாங்க. சாதாரண கணைய கேன்சர்லயே கூட இந்த மாதிரிதான், ஜப்பான் தேசிய பதிவேட்டுல 1 செ.மீ.க்குள்ள இருக்கறப்ப எடுத்தவங்கள்ல அஞ்சு வருஷம் தாண்டினவங்க சுமார் 80 சதவீதம். ஆக, சொந்தக்காரர் சொன்னது உங்க அப்பாவுக்கு பொருந்தாது. அதேசமயம் இது சும்மா நீர்க்கட்டின்னு நெனச்சு செக்கப்ப விட்டுடவும் கூடாது, டி1ஏவுலயும் கொஞ்சம் பேருக்கு திரும்ப வருது, அதனாலதான் டாக்டர் தேதி குடுத்தா போகணும்.

ரிப்போர்ட்ட எடுத்து இன்னும் ரெண்டு விஷயம் பாருங்க. எத்தன நெறிக்கட்டி எடுத்து பாத்தாங்கன்னு எழுதியிருக்கும், குறைஞ்சது 12 பாத்திருந்தாதான் என்0ங்கறத தெம்பா நம்பலாம், நாலே நாலு பாத்துட்டு எதுலயும் இல்லன்னா அந்த என்0க்கு அவ்வளவு பலம் இல்ல. இன்னொண்ணு, கட்டி முழுசையும் ஸ்லைடு போட்டு பாத்தாங்களா இல்ல அங்கங்க துண்டு எடுத்து பாத்தாங்களான்னு லேப்ல கேளுங்க. 4 மி.மீ. எடத்த கண்டுபிடிக்கறது சுலபமில்ல, பக்கத்து துண்டுல இன்னொரு 7 மி.மீ. ஒளிஞ்சிருந்தா வகுப்பே மாறிடும். கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க, எங்க வேலையே இதுதான்.

கேள்வி: வணக்கம் டாக்டர். என் மனைவிக்கு 58 வயசு. கணையத்தோட வால் பகுதிய மண்ணீரலோட சேத்து எடுத்துட்டாங்க. ரிப்போர்ட்ல கொலாய்டு கார்சினோமா, 1.6 செ.மீ., டி1சி, என்0. பக்கத்து பெட்ல இருந்த அம்மாவுக்கும் கிட்டத்தட்ட இதே சைஸ்தான், அவங்களுக்கு டியூபுலர்னு எழுதி உடனே கீமோ ஆரம்பிச்சுட்டாங்க. எங்களுக்கு மட்டும் யோசிக்கலாம்னு சொல்றாங்க. எங்க பணம் பத்தாதுன்னு நெனச்சு அப்படி சொல்றாங்களோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: ஐயா, அந்த எண்ணத்த விட்டுடுங்க, யோசிக்கலாம்னு சொன்ன டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்காரு. சைஸ் ஒண்ணா இருந்தாலும் ரெண்டும் வேற வேற சுபாவம்.

ஐபிஎம்என்ல இருந்து வர்ற கேன்சர் முக்கியமா ரெண்டு வகை. கொலாய்டுங்கறது, சளி திரவம் குளம் குளமா தேங்கி நிக்க அதுக்குள்ள கேன்சர் செல்லுங்க கொத்து கொத்தா மெதக்கற மாதிரி மைக்ராஸ்கோப்ல தெரியும், இது பெரும்பாலும் குடல் செல் மாதிரி இருக்கற ஐபிஎம்என்ல இருந்து வருது, ஜிஎன்ஏஎஸ்னு ஒரு ஜீன்ல மாற்றம் இதுல அடிக்கடி இருக்கும். டியூபுலர்ங்கறது சாதாரண கணைய கேன்சர் மாதிரியே சின்னச் சின்ன குழாய் வடிவத்துல ஊடுருவிப் போகும், நரம்ப சுத்தி பிடிக்கும், நெறிக்கட்டிக்கு சீக்கிரம் போகும். ரெண்டையும் ஒப்பிட்டா கொலாய்டுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் எதிர்காலம் நல்லாவே இருக்குன்னு பல நாட்டு அனுபவமும் சொல்லுது. டியூபுலர் நெறிக்கட்டிக்கும் போயிட்டா அது ஐபிஎம்என்ல இருந்து வந்ததுங்கற சலுகை கிட்டத்தட்ட போயிடும், சாதாரண கணைய கேன்சர் மாதிரிதான் நடந்துக்கும்.

கீமோ விஷயம். சாதாரண கணைய கேன்சர்ல ஆபரேஷனுக்கு அப்புறம் கீமோ குடுக்கறது நல்லா நிரூபிச்ச விஷயம். 2018ல வெளியான பிரான்ஸ், கனடா ஆராய்ச்சியில ஃபோல்ஃபிரினாக்ஸ்ங்கற கூட்டு மருந்து எடுத்தவங்களுக்கு சராசரியா 54 மாசத்துக்கு மேல ஆயுசு கெடச்சது, ஜெம்சிடபின்ங்கற மருந்து மட்டும் எடுத்தவங்களுக்கு 35 மாசம். ஆனா அது சாதாரண வகைக்காரங்கள வச்சு பண்ணினது. ஐபிஎம்என்ல இருந்து வந்த சின்ன கேன்சருக்குன்னு தனியா அந்த மாதிரி பெரிய ஆராய்ச்சி கையில இல்ல, பழைய கேஸ் ஷீட்டுங்கள பொறட்டி பாத்த கணக்குங்கதான் இருக்கு. அதுல நெறிக்கட்டியில பரவினவங்களுக்கு கீமோ ஒதவற மாதிரி தெரியுது, நெறிக்கட்டி சுத்தமா இருக்கற ஆரம்ப நிலையில பெருசா வித்தியாசம் தெரியல. அதனால உங்க மனைவி விஷயத்துல ரெண்டு பக்கமும் பேச எடம் இருக்கு. டி1சிங்கறதால குடுத்துப் பாப்போம்னு ஒரு டாக்டர் சொன்னாலும் தப்பில்ல, கொலாய்டு, என்0, உடம்பு இன்னும் தேறல, அதனால கண்காணிப்போம்னு சொன்னாலும் தப்பில்ல. நீங்க கேக்க வேண்டியது இதுதான்: நரம்ப சுத்தி, ரத்தக்குழாய்க்குள்ள கேன்சர் செல் இருந்துச்சா, விளிம்பு எப்படி, எத்தன நெறிக்கட்டி பாத்தாங்க. இதுல ஏதாவது ஒண்ணு சரியில்லன்னா தராசு கீமோ பக்கம் சாயும், எல்லாம் சுத்தம்னா காத்திருக்கறதுல நியாயம் இருக்கு. முடிவ சர்ஜனும் கேன்சர் மருந்து டாக்டரும் ஸ்லைடு பாக்கற பேத்தாலஜிஸ்டும் ஒண்ணா ஒக்காந்து எடுத்தா நல்லது, அப்படி ஒரு மீட்டிங்ல வச்சு பேசுங்கன்னு நீங்களே கேக்கலாம்.

கேள்வி: டாக்டர், ஆபரேஷன்ல எடுத்த ஐபிஎம்என் கட்டியோட ஒரே பிளாக் (மெழுகுல பதிச்சு வச்ச சதைத் துண்டு), ரெண்டு லேப். ஒருத்தர் ஹை கிரேடுதான், கேன்சர் இல்லங்கறாரு. இன்னொருத்தர் 3 மி.மீ. இன்வேசிவ்ங்கறாரு. யாரோ ஒருத்தர் தப்பு பண்ணிட்டாங்கதானே? யார் மேல கோவப்படறது? (மதுரை வாசகர்)

பதில்: தம்பி, கோவம் வேணாம், இது எங்க தொழில்லயே ரொம்ப சிக்கலான எடங்கள்ல ஒண்ணு. சளி திரவம் அழுத்தத்துல குழாய ஒடைச்சுகிட்டு வெளிய கசிஞ்சு தேங்கி நிக்கும், பாக்க அச்சு அசல் கொலாய்டு மாதிரியே இருக்கும், ஆனா அதுல மெதக்கற கேன்சர் செல் இருக்காது. அது வெறும் கசிவு. அதே மாதிரி ஹை கிரேடு செல்லுங்க பக்கத்து சின்னக் குழாய்க்குள்ள பரவி, அத குறுக்க வெட்டறப்ப தனித்தனி வட்டமா தெரியும், அத பாத்து ஊடுருவிடுச்சுன்னு நெனைக்க எடமிருக்கு. திரும்பவும் பல ஆழத்துல வெட்டி, தேவைப்பட்டா ஸ்பெஷல் ஸ்டெயின்னு தனிச் சாயம் போட்டு பாத்தாதான் தெளியும். கணைய ஆபரேஷன் அதிகமா நடக்கற ஆஸ்பத்திரியில, கணைய ஸ்லைடே தெனம் பாக்கற பேத்தாலஜிஸ்ட் ஒருத்தர்கிட்ட பிளாக், ஸ்லைடு ரெண்டையும் குடுத்து மூணாவது கருத்து வாங்குங்க. பிளாக் உங்க சொத்து மாதிரி, கேட்டா குடுப்பாங்க, வாங்கறப்ப கையெழுத்து போட்டு நம்பர் குறிச்சு வச்சுக்குங்க. ஒண்ணு மட்டும் தெம்பா சொல்றேன், கடைசியில 3 மி.மீ.ன்னே முடிவானாலும் அது டி1ஏதான், மேல தஞ்சாவூர் தங்கச்சிக்கு சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: எனக்கு 49 வயசு. கணையத்துல 1.4 செ.மீ. கிளைக்குழாய் ஐபிஎம்என். இந்த மாதிரி கேன்சர் ஆகறதுக்கு முன்னாடியே வெட்டி எடுத்துடலாமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: வேணாம்மா. இந்த சைஸ்ல கிளைக்குழாய் கட்டிங்க பெரும்பாலும் ஒண்ணும் ஆகறதில்ல, ஆனா விப்பிள்ங்கறது சின்ன ஆபரேஷன் இல்ல. நல்ல அனுபவம் உள்ள எடத்துலயே கொஞ்சம் உயிர் ஆபத்து உண்டு, கசிவு, சுகர், செரிமானக் கோளாறுன்னு பின்னாடி வரும். மஞ்சள் காமாலை வந்தா, பெரிய குழாய் 10 மி.மீ. அளவுக்கு வீங்கினா, கட்டிக்குள்ள 5 மி.மீ.க்கு மேல முடிச்சு இருந்து அதுக்கு ரத்த ஓட்டம் இருந்தா, அப்ப ஆபரேஷன தள்ளிப் போடக்கூடாது. கட்டி 3 செ.மீ. ஆனாலோ, பெரிய குழாய் 5ல இருந்து 9 மி.மீ. ஆனாலோ, சிஏ 19-9ங்கற ரத்த டெஸ்ட் அளவு ஏறினாலோ, புதுசா சுகர் வந்தாலோ எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட்ல கிட்டக்க பாக்கணும். இதெல்லாம் இல்லாம 2 செ.மீ.க்குள்ள இருக்கறவங்களுக்கு, ஜப்பான்ல கியோட்டோவுல பேசி முடிவான இப்போதைய வழிகாட்டியில, ஆறு மாசத்துல ஒருதடவ, மாறலன்னா அப்புறம் 18 மாசத்துக்கு ஒருதடவன்னு இருக்கு. எம்ஆர்ஐ போதும், கதிர்வீச்சு கெடையாது.

கேள்வி: அண்ணனுக்கு சின்ன வயசுல இருந்தே கணையத்துல கல்லு, சுகரும் இருக்கு. அவருக்கும் இந்த ஆபத்து உண்டா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அது ஐபிஎம்என் இல்ல, நம்ம தமிழ்நாடு, கேரளா பக்கம் அதிகமா பாக்கற கல்லு கணைய அழற்சி. ஆனா அதுலயும் கேன்சர் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட பல மடங்கு அதிகம்னு சென்னை டாக்டர்ங்க பங்கெடுத்த ஆராய்ச்சி 1994லயே சொல்லிடுச்சு. வலி திடீர்னு மாறினா, எடை கொறைஞ்சா, காமாலை வந்தா பழைய வலிதானேன்னு விடாம உடனே சி.டி. எடுங்க. சிகரெட், சாராயம் ரெண்டும் கூடவே கூடாது.

கேள்வி: எனக்கு ஐபிஎம்என்ல இருந்து வந்த கேன்சர், டி1பி, என்0. ஆபரேஷன் முடிஞ்சு மூணு வருஷமா எல்லா ஸ்கேனும் சுத்தம். மருமகன் இனிமே போதும் மாமா, செலவு எதுக்குங்கறாரு. சிஏ 19-9 மட்டும் பாத்துகிட்டா போதாதா? மண்ணீரலும் எடுத்தாச்சு. (திருச்சி வாசகர், 71 வயசு)

பதில்: ஐயா, மூணு வருஷம் சுத்தமா இருக்கறது ரொம்ப சந்தோஷமான சேதி, ஆனா நிறுத்தாதீங்க. உங்க உடம்புல ரெண்டு விஷயத்த பாக்க வேண்டியிருக்கு. ஒண்ணு, எடுத்த கேன்சரே திரும்ப வர்றது, இது மொத ரெண்டு வருஷத்துல அதிகம், அதத் தாண்டிட்டீங்க. ரெண்டாவதுதான் பல பேருக்கு தெரியாதது: ஐபிஎம்என் வந்த கணையத்துல, மிச்சம் இருக்கற பகுதியில புதுசா இன்னொரு ஐபிஎம்என் வரலாம், இல்ல ஐபிஎம்என்னுக்கு சம்பந்தமே இல்லாத எடத்துல சாதாரண கணைய கேன்சர் தனியா மொளைக்கலாம். இது அஞ்சு வருஷம் கழிச்சும் வந்திருக்கு. அதனாலதான் இன்னொரு ஆபரேஷன தாங்கற உடம்பு இருக்கற வரைக்கும் பாத்துகிட்டே இருக்கணும்னு சொல்றோம். இப்ப ஆறு மாசம், அப்புறம் வருஷம் ஒருதடவன்னு இடைவெளிய கூட்டிக்கலாம், உங்க டாக்டர கேட்டு எம்ஆர்ஐயா மாத்திக்கலாம்.

சிஏ 19-9 மட்டும் பத்தாது. நூத்துக்கு 5ல இருந்து 10 பேருக்கு அந்தப் பொருள் உடம்புல ஊறவே ஊறாது, லூயிஸ்ங்கற ரத்த வகை இல்லாதவங்க, அவங்களுக்கு எவ்வளவு கேன்சர் இருந்தாலும் ரிசல்ட் நார்மல்னே வரும். பித்தக்குழாய் அடைப்பு இருந்தா கேன்சரே இல்லாமயும் ஏறும். ஸ்கேனோட சேத்துப் பாக்க நல்ல டெஸ்ட், தனியா நம்பக்கூடாது. சுகரும் மூணு மாசத்துக்கு ஒருதடவ பாருங்க, மலம் எண்ணெய் பிசுக்கா மெதந்தா, எடை கொறைஞ்சா செரிமானத்துக்கு குடுக்கற என்சைம் மாத்திரை பத்தலன்னு அர்த்தம், அத சாப்பிட்டுகிட்டு இருக்கறப்பவே எடுக்கணும், சாப்பிட்டு முடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தா பிரயோஜனம் இல்ல.

மண்ணீரல் எடுத்தவங்களுக்கு நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிங்க கட்டாயம், போட்டாச்சான்னு டிஸ்சார்ஜ் சீட்ட எடுத்து பாருங்க, அதுல இல்லன்னா அடுத்த விசிட்லயே கேட்டு போட்டுக்குங்க. காய்ச்சல் 101 தாண்டி குளிர் வந்தா ராத்திரியா இருந்தாலும் அப்பவே ஆஸ்பத்திரிக்கு போயிடணும், காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, போனதும் மண்ணீரல் இல்லங்கறத மொதல்ல சொல்லுங்க. இத மருமகனுக்கும் சொல்லி வைங்க ஐயா, அந்த நேரத்துல வண்டி ஓட்டறது அவராத்தான் இருப்பாரு.